உறையும் உண்மையும்

1894ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையருக்கு 267, 268ஆம் பாடல்கள் கிட்டவில்லை. வேறு சில பாடல்களிலும் அடிகள் சிதைந்திருந்தன. அவ்விடங்களைத் தம் சொற்களால் நிரப்புவது அப்பெரும் புலவருக்கு அரிய செயலன்று. ஆயினும் அவர் நிரப்பவில்லை. சிதைந்ததைச் சிதைந்தது என்றே காட்டினார். தமிழ்ப் பதிப்புலகம் அவரைப் போற்றுவதற்கு அந்த நேர்மையும் ஒரு காரணம்.

அந்த நேர்மை, பழைய இசைத்தட்டு உறைகளைக் கணினியில் ஏற்றிச் செப்பனிடுவோர் பலரிடம் இல்லை. அவர்கள் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அழிக்கின்றனர்.

உறை வெறும் அட்டை தானே எனச் சிலர் வினவலாம். அன்று. படத்தின் பெயர், பாடியோர், இசையமைத்தவர், பாடல் இயற்றியவர், தட்டின் வரிசை எண், அச்சிட்ட நிறுவனம் ஆகிய யாவும் ஒருங்கே பொறிக்கப்பட்ட ஆவணம் அது. ஓவியர் கையால் வரைந்த தலைப்பெழுத்துகள் வேறெந்த ஏட்டிலும் கிடைக்கமாட்டா. ஆவணத்தைப் படியெடுப்போர் கடமை, உள்ளதை உள்ளவாறு எடுப்பதேயாகும்.

முதற்பிழை வருடியிலேயே தொடங்குகிறது. நெடுநேர இசைத்தட்டின் உறை பக்கத்துக்கு ஏறத்தாழ 31 செ.மீ. நீளமுள்ள சதுரம். ஏ4 தாளளவுள்ள வருடியில் அது அடங்காது. நான்கு பகுதிகளாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வருடிப் பின்னர் இணைத்தல் வேண்டும். இவ்வுழைப்புக்குச் சோம்பிக் கைப்பேசியில் படம்பிடித்து, கோணலை நிமிர்த்திவிட்டு, 'உயர்தரம்' எனப் பெயரிடுவோர் உளர். அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்னும் நுண்மையில் வருடினால் ஒரு பக்கத்துக்கு ஐந்து கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் தேறும்; கோப்பின் அளவு ஏறத்தாழ 160 மெகாபைட் ஆகும். இடம் மிகுதியென அஞ்சி அதனை ஜேபெக் வடிவில் மீண்டும் மீண்டும் சுருக்கிச் சேமிப்போர், ஒவ்வொரு முறையும் நுண்கூறுகளை இழக்கின்றனர். டிஃப் வடிவில் சுருக்கமின்றி வைப்பதே முறை.

உறை ஓவியம் நான்கு வண்ண மைப்புள்ளிகளால் அச்சிடப்பட்டது. குறைந்த நுண்மையில் வருடும்போது வருடியின் கட்டங்களும் அச்சுப் புள்ளிகளும் மோதி, மூலத்தில் இல்லாத நெளிகோலங்கள் படத்தில் தோன்றுகின்றன. முதலில் மிக நுண்ணியதாக வருடிவிட்டு, அளவைக் குறைக்கும் படியில் மட்டும் புள்ளிகளை மென்மையாக்குவதே இதற்குத் தீர்வு. மாறாக, தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் மழுக்கிவிடுவோர் சிற்றெழுத்துகளையும் சேர்த்தே மழுக்கிவிடுகின்றனர்.

அதனினும் பெரிய பிழை ஒப்பனையில் நிகழ்கிறது. ஒளிபட்ட உறையில் மஞ்சளும் சிவப்பும் முன்னர் வெளிறும். நீலம் நெடுநாள் நிற்கும். இதனை ஓரளவு ஈடுசெய்யலாம். உள்ளிருக்கும் தட்டு அழுத்திய வட்டத் தேய்வையும் மடிப்புக் கோட்டையும் நீக்கலாம். ஆனால், கிழிந்த பகுதியில் செயற்கை நுண்ணறிவு கற்பிக்கும் முகத்தையும் பூவையும் பொருத்துவது செப்பனிடுதலன்று, புனைந்துரை.

எழுத்துக்கு இழைக்கப்படும் தீங்கு தமிழ் மாணவர்க்கு நேரடியான இழப்பு. தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பின்னர் மலேசியாவும் சிங்கப்பூரும் அதனைக் கைக்கொண்டன. 'லை', 'னை', 'றா' முதலான 13 எழுத்துகள் வடிவம் மாறின. அதற்கு முந்திய உறைகளில் 'லை' துதிக்கை போல் வளைந்த குறியுடன் நிற்கும். மங்கிய தலைப்பை அழித்துவிட்டு இன்றைய கணினி எழுத்தில் மீண்டும் பொறிப்போர், 1960ஆம் ஆண்டு உறையில் 1978க்குப் பிந்திய எழுத்தை ஏற்றுகின்றனர். அதனைக் காணும் மாணவன் பொய்யை மெய்யெனக் கற்கிறான்.

"பொலிவாக இருந்தால்தானே இளையோர் விரும்புவர்?" என்பது அவர்தம் வாதம். விரும்பட்டும். பொலிந்த படி ஒன்றிருப்பதை எவரும் தடுக்கவில்லை. மூலப்படியை அழித்துவிட்டு அதன் இடத்தில் பொலிந்த படியை அமர்த்துவதே குற்றம். புறநானூற்றுக்கு எளிய உரை எழுதலாம். அதற்காக மூலப்பாட்டைக் கிழித்தெறிதல் தகுமோ?

ஆதலின் நெறி இதுவே. தூசு துடைத்த உறையை, வருடியின் தானியங்கித் திருத்தங்கள் யாவற்றையும் நிறுத்தி, வண்ண அளவட்டையுடன் வருடுக. அக்கோப்பை ஒருபோதும் திருத்தற்க. திருத்தம் யாவும் மறுபடியில் நிகழ்க. எவ்விடம் திருத்தப்பட்டது என்பதும் குறிக்கப்படுக. பின்னட்டையும் முதுகும் விடுபடாதிருக்க.

பாட்டனார் பெட்டியில் பழைய தட்டுகள் உறங்கும் வீடுகள் இன்னும் உள்ளன. அவற்றின் உறைகள் ஆண்டுதோறும் வெளிறுகின்றன, கரையான் காத்திருப்பதில்லை. பள்ளித் தமிழ்க் கழகங்கள் இப்பணியை மேற்கொள்ளுமாயின், மாணவர் ஓர் உறையை மட்டுமன்றி, சான்றைப் பேணும் பண்பையும் காத்தவராவர். சாமிநாதையர் இட்ட புள்ளிகளின் பொருள் அப்போதுதான் அவர்க்கு விளங்கும்.