விலை ஏழு மடங்கு, வேகம் ஏழு மடங்கா? பள்ளி ஆய்வகங்களுக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு எது?

போடிமெட்டு: நாடு முழுவதும் 15,000 இடைநிலைப் பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் அனிமேஷன், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, காமிக்ஸ் துறைகளுக்கான படைப்பாளர் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என 2026-27ஆம் நிதியாண்டுக்கான மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மும்பையில் உள்ள இந்திய படைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் வாயிலாக இத்திட்டம் செயல்படுத்தப்பட உள்ளது. 2030ஆம் ஆண்டுக்குள் இத்துறைக்கு 20 லட்சம் வல்லுநர்கள் தேவைப்படுவர் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தமது உரையில் குறிப்பிட்டார்.

முப்பரிமாண அனிமேஷனுக்கான கணினியில் திறனையும் விலையையும் பெரிதும் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டு. குறைந்த விலைக் கார்டு போதுமா, உயர்தரக் கார்டு வேண்டுமா என்பது இதுவரை விளையாட்டுப் பிரியர்களின் விவாதமாக இருந்தது. இனி அது பொதுப்பணம் சார்ந்த கேள்வியும் ஆகும்.

எல்லையின் இருபுறமும்

தமிழக - கேரள எல்லையில், கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள போடிமெட்டு, இக்கேள்வியின் இரு முகங்களையும் காட்டுகிறது. மேற்கே இடுக்கி மாவட்டம். கேரள அரசின் 'கைட்' நிறுவனம் 2018 முதல் நடத்திவரும் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள், அம்மாநிலத்தில் 2,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் செயல்படுகின்றன. அவற்றில் மாணவர்கள் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு அனிமேஷன் கற்கின்றனர்.

கிழக்கே மலைச்சாலையில் இறங்கினால் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர். தமிழக அரசு 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தின் கீழ் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியது 2026 ஜனவரியில். அவற்றில் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி சேமிப்பகமும் உள்ளன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இத்தகைய கணினிகளில், படங்களை உருவாக்கும் பணிக்கும் மற்றப் பணிகளுக்கும் ஒரே நினைவகமே பங்கிடப்படுகிறது. எனவே, அடிப்படைப் பயிற்சிக்கு ஏற்ற இக்கணினிகள் கனமான முப்பரிமாணக் காட்சிகளுக்குத் திணறும். அடுத்த படிக்குத் தனி கார்டு தேவை. அது எத்தகையது என்பதே கேள்வி.

எண்கள் சொல்வது என்ன?

2025இல் வெளியான என்விடியா நிறுவனத்தின் இரு கார்டுகளை ஒப்பிடலாம். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டின் அறிமுக விலை 299 டாலர். ஆர்டிஎக்ஸ் 5090 கார்டின் அறிமுக விலை 1,999 டாலர். இந்தியாவில் இது 2,14,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. அதாவது, விலை வேறுபாடு ஏறத்தாழ ஏழு மடங்கு.

திறன் அதே அளவுக்கு உயரவில்லை. கணக்கிடும் கருக்களின் எண்ணிக்கை 3,840-லிருந்து 21,760 ஆக, அதாவது 5.7 மடங்கு கூடுகிறது. நினைவகம் 8 ஜிபியிலிருந்து 32 ஜிபியாகவும், அதில் தரவு பாயும் வேகம் நொடிக்கு 448 ஜிபியிலிருந்து 1,792 ஜிபியாகவும் நான்கு மடங்கு மட்டுமே உயர்கின்றன. மின்தேவையும் 145 வாட்டிலிருந்து 575 வாட்டாக, ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகிறது.

விளையாட்டில் பயனருக்குக் கிடைக்கும் பலன் இதைவிடவும் குறையலாம். நொடிக்கு 60 படங்களை மட்டுமே காட்டும் சாதாரணத் திரையில், 200 படங்களை உருவாக்கும் கார்டின் கூடுதல் உழைப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

காத்திருந்தால் தீர்வதும் தீராததும்

அனிமேஷன் பணியில் வேகக் குறைவு என்பது காத்திருப்பு மட்டுமே. ஒரு நிமிடக் காட்சிக்கு நொடிக்கு 24 வீதம் 1,440 படங்கள் தேவை. எடுத்துக்காட்டாக, ஒரு படத்துக்கு 30 வினாடி எடுக்கும் கார்டு, முழுக் காட்சியை 12 மணி நேரத்தில் முடிக்கும். நான்கு மடங்கு வேகமான கார்டு அதையே 3 மணி நேரத்தில் முடிக்கும். படப்பிடிப்பு நிறுவனத்துக்கு அந்த 9 மணி நேரம் பெரும் பணம். மாலையில் வேலையைத் தொடங்கிவிட்டு மறுநாள் காலையில் பார்க்கும் பள்ளிக்கோ அது பெரிய இழப்பல்ல.

நினைவகக் குறைவு அத்தகையதல்ல. காட்சிக்கான உருவங்களும் மேற்பரப்புப் படங்களும் கார்டின் நினைவகத்தில் அடங்காவிட்டால், பிளெண்டர் போன்ற மென்பொருள்களில் பணி மிகவும் மந்தமாகும் அல்லது நின்றுவிடும். செயற்கை நுண்ணறிவிலும் இதே நிலைதான். 700 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரிக்கு 16 பிட் வடிவில் 14 ஜிபி தேவை. 8 ஜிபி கார்டில் அதைச் சுருக்கித்தான் இயக்க முடியும்.

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு இதற்குத் தெளிவான சான்று. ஒரே சிப்புடன் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வடிவங்களில் இது வெளியானது. அறிமுக விலை வேறுபாடு 50 டாலர் மட்டுமே. எளிய பணிகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இயங்கும். நினைவகம் நிரம்பும் பணிகளில் மட்டும் 8 ஜிபி கார்டு சரிந்துவிடும். பழைய தாய்ப்பலகை உள்ள கணினிகளில் இச்சரிவு மேலும் கூடும்.

இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் பி580 கார்டு 12 ஜிபி நினைவகத்துடன் 249 டாலருக்கு அறிமுகமானது. எனினும், பல செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் என்விடியாவின் 'குடா' தொழில்நுட்பத்தைச் சார்ந்தே எழுதப்பட்டுள்ளன என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒன்றா, நான்கா?

429 டாலர் அறிமுக விலையுள்ள 16 ஜிபி கார்டுகள் நான்கின் மொத்த விலை 1,716 டாலர். இது ஒரு ஆர்டிஎக்ஸ் 5090 கார்டின் விலையைவிடக் குறைவு. நான்கு கார்டுகளுக்கு நான்கு கணினிகள் தேவை என்பது உண்மையே. ஆனால், ஒரு மாணவர் அமரும் இடத்தில் நால்வர் அமர்ந்து கற்கலாம். பத்து உயர்தரக் கார்டுகள் கொண்ட ஆய்வகத்துக்கு, கார்டுகளுக்கு மட்டும் 5.75 கிலோவாட் மின்சாரம் தேவைப்படும். மின்கம்பி, யுபிஎஸ், குளிரூட்டும் வசதி ஆகியவற்றின் செலவு தனி.

உயர்தரத் திறன் எப்போதாவது தேவைப்படும் பணிகளுக்குப் பகிர்வு முறை உள்ளது. 10,372 கோடி ரூபாய் மதிப்பில் 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற 'இந்தியா ஏஐ' திட்டத்தின் கீழ், 38,000-க்கும் மேற்பட்ட ஜிபியுக்கள் மணிக்குச் சராசரியாக 65 ரூபாய் என்ற மானியக் கட்டணத்தில் ஆய்வாளர்களுக்கும் புத்தொழில் நிறுவனங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அனிமேஷன் ஆய்வகங்களுக்கும் மாவட்ட அளவில் இத்தகைய பொதுவசதி அமைந்தால், பள்ளிதோறும் விலையுயர்ந்த கார்டு வாங்கத் தேவையிருக்காது.

கொள்முதலில் கவனம் எங்கே?

செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் நினைவகச் சிப்புகளின் விலை கடுமையாக உயர்ந்தது. மைக்ரான் நிறுவனம் நுகர்வோருக்கான 'குரூஷியல்' வணிகத்திலிருந்து விலகுவதாகவே 2025 டிசம்பரில் அறிவித்தது. இச்சூழலில் செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படக்கூடியது நினைவகம்தான். பள்ளி ஆய்வகத்தைப் பொறுத்தவரை, வெட்டக்கூடாததும் அதுவே.

ஒப்பந்தப்புள்ளியில் கார்டின் பெயரையும் வேகத்தையும் மட்டும் குறிப்பிட்டால், 8 ஜிபி கார்டும் தகுதி பெற்றுவிடும். குறைந்தபட்ச நினைவகம் 12 அல்லது 16 ஜிபி என்று வரையறுத்தால், வேகம் சற்றுக் குறைந்த கார்டிலும் மாணவர் தொடங்கிய காட்சியை முடிக்க முடியும். ஆய்வகத்தில் இடம்பெறும் கணினிகளின் எண்ணிக்கையைப் போலவே, இந்த ஒரு வரியும் அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கும்.