விழுவது சோதனையிலேயே விழட்டும்

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. நம் மும்பை விமான நிலையத்தில் பயணிகளின் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. நாட்டின் பல விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தனர். உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் அன்று முடங்கின என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் கணக்கிட்டது. பகைவர் எவரும் தாக்கினாரில்லை. காவலுக்கு வைத்த மென்பொருளே இடறி விழுந்தது.

கணினியின் உள்ளே 'கெர்னல்' என்றொரு பகுதி உண்டு. நினைவகம், வட்டு, திரை யாவற்றையும் பங்கிட்டு ஆள்வது அதுவே. வேறொரு செயலி பழுதுபட்டால் அது மட்டுமே நிற்கும். கெர்னலுக்குள் பழுது நேர்ந்தாலோ கணினி முழுதும் நின்றுவிடும். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் காவல் மென்பொருள் அக்கெர்னலுக்குள்ளேயே இயங்குவது. அன்று அனுப்பிய புதிய குறிப்பு 21-ஆவது தகவலைத் தேடிற்று. இருந்தவை 20 மட்டுமே. இருபது வரிப் பட்டியலில் இல்லாத வரியைப் படிக்கப் புகுந்தமையால் கணினிகள் வீழ்ந்தன.

சோதனை நடவாமலில்லை. ஆயினும், முன்னைச் சோதனைகளில் அந்த 21-ஆவது இடத்திற்கு 'எதுவாயினும் சரி' என்றே எழுதியிருந்தனர். ஆகவே அவ்விடம் மெய்யாகத் தொடப்படவே இல்லை. சோதனை என்ற பெயர் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

புதிய பாலத்தில் பயணிகளை விடுமுன் பாரமேற்றிப் பார்ப்பது இரயில்வே வழக்கம். லினக்ஸ் கெர்னலுக்கும் அத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. கூகுள் நிறுவனத்தின் 'சிஸ்காலர்' என்னும் கருவியைக் கொண்டு 'சிஸ்பாட்' என்ற தானியங்கி 2017 முதல் இரவும் பகலும் அக்கெர்னலை இடித்துப் பார்த்து வருகிறது. மனிதர் எவரும் கேட்கத் துணியாத தாறுமாறான கட்டளைகளை அடுக்கடுக்காக ஏவுகிறது. புதிய பாதையைத் திறக்கும் கட்டளைகளைச் சேமித்து, மாற்றி மாற்றி மீண்டும் ஏவுகிறது. கெர்னல் வீழ்ந்தால் வீழ்ந்த தடத்தைக் குறித்துக்கொண்டு, அதனை மறுபடி வீழ்த்தக்கூடிய மிகச் சிறிய நிரலைச் சமைக்க முயன்று, உரியவர்களுக்கு மடல் அனுப்புகிறது.

அதன்பின்தான் மனித அறிவின் வேலை. வீழ்ந்த இடம் ஒன்று; பிழை பிறந்த இடம் பெரும்பாலும் வேறொன்று. ரத்துச் செய்த பெர்த்தை மற்றொருவருக்குக் கொடுத்தாயிற்று. பழைய சீட்டுடன் முதலாமவர் வந்து அதிலேயே அமர்கிறார். சண்டை மூள்வது வண்டியிலே. ஆயினும் தவறு நேர்ந்தது ரத்துச் செய்தும் சீட்டைத் திரும்பப் பெறாத கவுண்டரிலே. கெர்னலில் விடுவித்த நினைவிடத்தை மீண்டும் தொடும் பிழை இவ்வகையினதே. வண்டியிலிருந்து கவுண்டர்வரை பின்னோக்கி நடப்பவனே பிழையைக் காண்பான். திருத்தம் எழுதியபின் அதனைச் சிஸ்பாட்டிடமே அனுப்பி, முன்பு வீழ்த்திய நிரலைக் கொண்டு மறுபடி சோதிக்கச் சொல்லலாம். விழாது நின்றால்தான் நம்பிக்கை பிறக்கும்.

இதனை நாம் எழுதக் காரணம் உண்டு. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கணினித் தொழிலுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலர். "சோதனைப் பிரிவில்தானா வேலை?" என்று அவர்களைக் குறைத்துப் பேசும் பெற்றோரும் உளர். பிறர் எழுதியதில் குற்றம் காண்பது சிறு தொழிலன்று. அக்குற்றம் அங்கே அகப்படாவிடில், கைக்குழந்தையுடன் வரிசையில் நிற்கும் ஒரு தாயின் முன் அகப்படும். குற்றம் சுட்டப்பெற்றவரும் அதனை அவமதிப்பாகக் கொள்ளாது உதவியாகவே கொள்ளல் வேண்டும்.

சிஸ்பாட் கண்ட பிழைகளின் பட்டியல் எவரும் காணத் திறந்தே கிடக்கிறது, கட்டணம் ஏதுமில்லை. கற்க விரும்பும் இளைஞர் ஒரு பிழையை எடுத்து, அதன் தடத்தைப் பின்பற்றி நடந்து பார்க்கட்டும். பொறுமை ஒன்றே அதற்கு முதல்.