கத்தி விலை ஏன் சரிந்தது? ‘கவுன்டர்-ஸ்டிரைக்’ ஸ்கின் சந்தையை உலுக்கிய ஒரே ஒரு அப்டேட்

ராத்திரி படுக்கப் போகும்போது நல்ல விலையில் இருந்த பொருள், காலையில் எழுந்து பார்த்தால் மளமளவென்று இறங்கிக் கிடக்கிறது. பங்குச் சந்தை இல்லை, கிரிப்டோவும் இல்லை. ஒரு வீடியோ கேமில் வரும் கத்தி!

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் தனது ‘கவுன்டர்-ஸ்டிரைக் 2’ கேமுக்கு 2025 அக்டோபர் 22-ம் தேதி ஒரு அப்டேட் வெளியிட்டது. அதில் இருந்த ஒரு விதி மாற்றத்தால், இந்த கேமின் ‘ஸ்கின்’ சந்தை மதிப்பில் ஏறக்குறைய 200 கோடி டாலர் காணாமல் போனதாகச் செய்திகள் வந்தன. அப்படி என்னதான் மாறியது?

ஸ்கின் என்றால் என்ன?

துப்பாக்கி, கத்தி, கையுறை ஆகியவற்றுக்கான அலங்கார டிசைன்தான் ஸ்கின். அதைப் போட்டுக்கொண்டால் குறி தப்பாது, குண்டு வேகமாகப் பாயும் என்றெல்லாம் எதுவும் கிடையாது. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

2013 ஆகஸ்ட்டில் இந்த ஸ்கின்கள் அறிமுகமாயின. அன்று முதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தரநிலை, அதற்கு ஒரு நிறம். வெள்ளை, வெளிர் நீலம், நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, சிவப்பு என்று படிப்படியாக ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே தங்க நிறம். அரிய கத்திகளும் கையுறைகளும் அந்த உச்சிப் படியில்தான் இருக்கின்றன.

நிறம் சொல்லும் கணக்கு

இந்த நிறங்கள் அழகுக்குக் கொடுத்த மார்க் இல்லை. அவை கிடைக்கும் வாய்ப்பின் அளவு. கேமில் கிடைக்கும் ‘கேஸ்’ எனும் பெட்டியைத் திறக்க 2.49 டாலருக்கு ஒரு சாவி வாங்க வேண்டும். உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். கேம் நிறுவனங்கள் இந்த வாய்ப்பு விகிதங்களை வெளியிட வேண்டும் என்று சீனா 2017-ல் விதி கொண்டுவந்தது. அதனால்தான் கணக்கு வெளியே வந்தது:

• நீலம்: 79.92 சதவீதம்
• ஊதா: 15.98 சதவீதம்
• இளஞ்சிவப்பு: 3.20 சதவீதம்
• சிவப்பு: 0.64 சதவீதம்
• கத்தி அல்லது கையுறை: 0.26 சதவீதம்

நீலத்திலிருந்து சிவப்பு வரை ஒவ்வொரு படி ஏறும்போதும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கத்திக்கு வந்தால், சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று. சாவிக்கு மட்டுமே சுமார் 960 டாலர் ஆகும்.

‘சரி, 385 பெட்டி திறந்தால் கத்தி உறுதியா?’ என்றால், அதுவும் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் புதுக் கணக்கு. 100 பேர் ஆளுக்கு 385 பெட்டி திறந்தால், அதில் சுமார் 37 பேருக்கு ஒரு கத்திகூட கிடைத்திருக்காது.

என்ன விதி மாறியது?

இந்த கேமில் ‘டிரேட்-அப்’ என்று ஒரு வசதி உண்டு. ஒரே தரநிலையில் உள்ள 10 ஸ்கின்களைக் கொடுத்தால், அடுத்த படியில் ஒன்று கிடைக்கும். ஆனால் சிவப்போடு அது முடிந்துவிடும். எத்தனை சிவப்பு சேர்த்தாலும் கத்தி வராது. பெட்டியிலிருந்து வந்தால்தான் உண்டு. கத்தியின் விலையைத் தாங்கிப் பிடித்தது இந்தத் தடைதான்.

அக்டோபர் அப்டேட் அந்தத் தடையை எடுத்துவிட்டது. கத்தியோ கையுறையோ உள்ள பெட்டிகளிலிருந்து வந்த 5 சிவப்பு ஸ்கின்களைக் கொடுத்தால், அந்தப் பெட்டிகளுக்குரிய கத்தி அல்லது கையுறை ஒன்று கிடைக்கும்.

பன்னிரண்டு வருடமாகப் பலருடைய கணக்கில் சும்மா கிடந்த சிவப்பு ஸ்கின்கள் எல்லாம் ஒரே நாளில் கத்தி தயாரிக்கும் மூலப்பொருள் ஆகிவிட்டன. சிவப்பை வாங்கக் கூட்டம் அலைமோதியது, விலை எகிறியது. கத்தி வரத்து கூடும் என்று தெரிந்ததும் அதன் விலை இறங்கியது. 5 சிவப்பின் விலையும் ஒரு கத்தியின் விலையும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. தக்காளி வரத்து கூடினால் விலை இறங்குகிற அதே கதைதான்.

200 கோடி டாலர் எங்கே போனது?

யார் பாக்கெட்டுக்கும் போகவில்லை. சந்தை மதிப்பு என்பது, இருக்கும் ஸ்கின்களை அன்றைய விலையால் பெருக்கி வரும் மதிப்பீடு. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கப் போனால் அந்த விலை யாருக்கும் கிடைக்காது.

ஆனால் நஷ்டம் நிஜம். ‘விலை ஏறும்’ என்று நம்பி, சம்பளக் காசில் கத்தி வாங்கி வைத்தவர்களுக்கு அடி. பழைய சிவப்பு ஸ்கின்களை மறந்தே போயிருந்தவர்களுக்கு எதிர்பாராத லாபம். இரண்டு தரப்பும் எதுவும் செய்யவில்லை. விதியை மாற்றியது நிறுவனம்.

குழாய் யார் கையில்?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. தங்கம் அரிதாக இருப்பதற்குக் காரணம் பூமி. இந்தக் கத்தி அரிதாக இருப்பதற்குக் காரணம் சர்வரில் உள்ள ஓர் எண். அந்த எண்ணை மாற்ற வால்வ் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சாவி விற்றால் காசு வால்வுக்கு. ஸ்டீம் சந்தையில் இந்த ஸ்கின்கள் கைமாறும்போதெல்லாம் மொத்தம் 15 சதவீதக் கட்டணமும் அதற்கே. அங்கே விற்று வரும் தொகை ஸ்டீம் வாலட்டில்தான் சேரும். வங்கிக் கணக்குக்கு மாற்ற முடியாது. ரொக்கம் வேண்டும் என்றால் வெளித் தளங்களை நாட வேண்டும். அங்கே ஏமாந்தால் வால்வ் பொறுப்பேற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டீம் ஒப்பந்தப்படி பயனருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே, சொத்துரிமை இல்லை.

இது சூதாட்டமா?

பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் ‘ஆமாம்’ என்றது. இந்த கேம் உள்பட மூன்று கேம்களின் பெட்டிகள் சட்டத்தை மீறுவதாக அறிவித்தது. அதே ஆண்டு பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பெட்டி திறக்கும் வசதியை வால்வ் நிறுத்தியது. உலகம் முழுக்க ஒரே முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

பிடித்த டிசைனை, சினிமா டிக்கெட் வாங்குவதுபோல, ‘இந்தக் காசு திரும்ப வராது’ என்று தெரிந்தே வாங்கினால் பிரச்சினை இல்லை. அதையே சேமிப்பாக நினைத்து வாங்கினால்தான் சிக்கல். பங்கு விலையைப் பாதிக்கும் தகவலை நிறுவனங்கள் முறைப்படி வெளியிட வேண்டும். கேட்க ‘செபி’ இருக்கிறது. கத்தி விலையைப் பாதிக்கும் அப்டேட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அடுத்த அப்டேட் எப்போது, அதில் எந்தப் படி மாறும் என்பது வால்வுக்கு மட்டுமே தெரியும்.