பழைய முழுகுகருவி கொள்ளலாமா?

நம் மாணவருள் கடலின் அடியைக் கண்ணாற் காண விழைவார் சிலர் இப்பொழுது தோன்றியுள்ளனர். விலங்கியல் பயில்வார்க்கு அது கல்வியின் ஒரு கூறு. ஏனையோர்க்கு விடுமுறைக் களிப்பு. புதுச்சேரியிலோ அந்தமானிலோ சில நாட் பயிற்சி பெற்றுச் சான்றிதழோடு திரும்பியவுடன் அன்னார் நெஞ்சில் எழும் அவா, தமக்கென ஸ்கூபாக் கருவித் தொகுதி ஒன்று வேண்டும் என்பதே. புதியதன் விலையோ மாணவர் கைக்கு எட்டுவதன்று. அவ்வேளையில், முழுகுவதை விட்டொழித்த ஒருவர் தம் கருவிகளைப் பாதி விலைக்குத் தருகின்றார் என்னும் செய்தி அவர் செவிக்கு அமிழ்தமாகின்றது. அதனைக் கொள்ளலாமா, ஆகாதா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

பிறர் பயன்படுத்திய பொருளைக் கொள்வது இழிவென்பார் கூற்றை நாம் ஒரு பொருட்டாக மதிக்க வேண்டுவதில்லை. மூத்த மாணவரிடமிருந்து கைமாறிய புத்தகங்களைக் கொண்டே பட்டம் பெற்றோர் நம்முள் பலர். பழைய சைக்கிளில் வகுப்பிற்கு வாராத ஆசிரியரும் சிலரே. ஆயின், புத்தகத்தில் ஓர் ஏடு குறைந்தால் நண்பனுடையதைப் பார்த்துக்கொள்ளலாம். சைக்கிளின் சங்கிலி அறுந்தால் உருட்டிக்கொண்டு நடக்கலாம். முழுகுகருவியை அவ்வரிசையில் வைத்து எண்ணுதற்கு முன், அது செய்யும் தொழில் இன்னதென்று அறிதல் வேண்டும்.

நிரப்பிய சிலிண்டரில் அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 200 பார். அஃதாவது நாம் நாடோறும் உட்கொள்ளும் காற்றினுடையதைப் போல 200 மடங்கு. அதனை நேரே வாயில் ஏற்பார் எவரும் இலர். சிலிண்டரின் தலையிற் பொருத்தப்படும் ரெகுலேட்டரின் முதற்படி அவ்வழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரினும் 9 அல்லது 10 பார் மிகுதியாக நிற்குமளவிற்குக் குறைக்கின்றது. வாயிற் கவ்வும் இரண்டாம்படி அதனை மேலும் குறைத்து, அவ்வாழத்து நீரழுத்தத்திற்கு ஒப்பாக்கி, நாம் இழுக்கும்போது மட்டும் வழங்குகின்றது. 1943ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவராகிய எமில் காஞான், ழாக் கூஸ்தோ என்னும் இருவரும் இதனை ஆக்கினர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிட்டாமையால் மோட்டார் வண்டிகளை வாயுவினால் ஓட்டுதற்குக் காஞான் அமைத்திருந்த வால்வே இதற்கு அடிப்படையாயிற்று. வண்டிக்கென ஆக்கியதை மனிதனுக்கு மாற்றியமைத்தது ஒருவகையிற் பழம்பொருளைப் பயன்கொண்டதே என்று நண்பர் ஒருவர் வாதித்தார். வாதம் இனிது, ஆனால் காஞான் அவ்வால்வின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்தவர். நாமோ திறந்து பார்த்தாலும் நல்லது கெட்டது அறியோம்.

ரெகுலேட்டரின் பித்தளை உடல் பல்லாண்டு நிலைக்கும். தேய்வனவும் முதுமையடைவனவும் அதனுள் மறைந்திருக்கும் ரப்பர் வளையங்களும், மெல்லிய சவ்வும், விரல்நுனியினும் சிறிய அடைப்புகளுமே. இவற்றைச் செய்வோர் விதித்தபடி ஆண்டுக்கொருமுறையோ இரண்டாண்டுக்கொருமுறையோ பயிற்சி பெற்றவர் கழற்றித் துடைத்து மாற்றுதல் வேண்டும். “பத்து முறையே முழுகினேன், அதன்பின் பெட்டியிலேயே கிடந்தது” என்று விற்பவர் பெருமையாகச் சொல்லுவர். பெட்டியிற் கிடந்த காலத்தும் ரப்பர் முதிர்வது நிற்பதில்லை. உள்ளே எஞ்சிய உப்பும் வாளா இருப்பதில்லை. ஆதலின் அச்சொல்லைக் கேட்டவுடன் விலையைப் பேசாது, இறுதியாகச் செப்பனிட்ட சீட்டு எங்கே என்று வினவுக.

“பழுதுற்றால் மேலே வந்துவிடலாமே” என்பார்க்கு ஒரு விடை கூறவேண்டும். கடலில் 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகின்றது. 20 மீட்டரில் மொத்தம் மூன்று. அங்கே நுரையீரலை நிரப்பிய காற்று, மூச்சையடக்கிக்கொண்டு மேலேறுபவனுக்கு மும்மடங்காய் விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். விரைந்து ஏறுபவனுக்கு உடலிற் கரைந்த நைட்ரஜன் குமிழியாய் மூட்டிலும் நரம்பிலும் தங்கும். இதனைத் தவிர்க்கப் படிப்படியாக ஏறுதற்குரிய அட்டவணையை ஹால்டேன் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 1908இலேயே வெளியிட்டனர். நேர்மையாக மற்றொன்றும் சொல்லவேண்டும்: இக்காலத்து ரெகுலேட்டர்கள் பழுதுறின் பெரும்பாலும் காற்றை அடைத்துவிடாது பீறிட்டு ஓடவிடும்படியே அமைந்தவை; உடன் முழுகுவாரிடம் மாற்று வாய்க்கருவியும் உண்டு. அவையெல்லாம் எதிர்பாராத இடுக்கணுக்கு ஏற்பட்ட காவல். சில்லறை மிச்சத்திற்காக நாமே வலிந்து அழைத்த இடுக்கணுக்கு அவற்றைச் செலவிடுதல் அறிவுடைமையோ?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தோர் இக்கருவி எதுவுமின்றிக் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினர். தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் குளிப்பவனுடைய மைத்துனனாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் வழக்கமென்பர். தன் உடன்பிறந்தாளின் தாலியைக் காப்பவன் கயிற்றை நெகிழவிடான் என்பது கருத்து. அக்கரையில் இறுதி முத்துக்குளிப்பு 1961இல் நிகழ்ந்தது. கருவி மாறிற்று; கயிறு பிடிப்பவன் ஒருவன் இன்றும் உளன். ரெகுலேட்டரை இறுதியாகத் திறந்து மூடிய கை எவனுடையதோ அவனே அவன். அவன் இன்னானென்று விற்பவருக்கே தெரியாதாயின், நாம் யாரை நம்பி இறங்குவது?

எனவே என் துணிபு இது. ரெகுலேட்டரை விலைபேசுமுன், அம்மாதிரிக்கு உதிரியுறுப்புகள் இன்னும் விற்கப்படுகின்றனவா என்றும், செப்பனிடுவார் எவ்வூரில் உளர் என்றும் உசாவுக. முதற்படியின் வாயிலிலுள்ள சிறு வடிகட்டியை நோக்குக. பச்சை பூத்திருப்பின் உப்புநீர் உட்புகுந்தது உறுதி. செந்துகள் படிந்திருப்பின் துருவேறிய சிலிண்டரிற் பூட்டியிருந்தனர். முதற்படியின் மூடியை இறுக்கி, வாய்க்கருவியில் மூச்சை இழுக்க. காற்று வருமாயின் எங்கோ கசிவுண்டு. அறிந்தார் துணையோடு இடையழுத்தத்தை அளவி வைத்துப் பார்க்குங்கால், முள் ஓரிடத்தில் நில்லாது மெல்ல ஏறிக்கொண்டே போகுமாயின் உள்ளடைப்புத் தேய்ந்தது. இவை தேறினும் செப்பனிடாது நீரில் இறங்கலாகாது. அச்செலவும் விலையிற் சேர்ந்ததே. புதியதன் விலை 100 எனவும், பழையது 50 எனவும், செப்பனிடவும் அனுப்பவும் 25 எனவும் கொண்டால், மிச்சம் 25 மாத்திரமே. விற்பவர் 70 கேட்பாராயின் புன்முறுவலோடு விடைபெற்று வருக.

சிலிண்டரை வாங்கவே வேண்டா. முழுகுமிடத்தார் காற்று நிரப்பிய சிலிண்டரைக் கட்டணத்தோடு தாமே தருகின்றனர். 6351 என்னும் அலுமினியக் கலவையால் முன்னாளில் வார்த்த சிலிண்டர்கள் சிலவற்றின் கழுத்திற் பிளவு காணப்பட்டமையால், அமெரிக்க நாட்டில் 1988 அளவில் வேறு கலவைக்கு மாறினர். பழையவை இன்னும் கைமாறிக்கொண்டிருத்தல் கூடும். எஃகுச் சிலிண்டரிலோ, உள்ளேறும் துரு காற்றிலுள்ள பிராணவாயுவையே உண்டுவிடும். அளவியில் அழுத்தம் பெரிதும் குறைந்ததாகத் தோன்றாமலே மூச்சு நஞ்சினும் கொடியதாகலாம். அமெரிக்காவில் ஐந்தாண்டுக்கொருமுறை நீரழுத்தச் சோதனை விதித்திருப்பது வீணன்று.

மற்றவை பற்றி அச்சம் வேண்டா. துடுப்புகளைத் தாராளமாகக் கொள்ளலாம். ரப்பர் உடை நாட்பட மெலிந்து வெப்பத்தைக் காக்கும் ஆற்றல் குன்றும். நம் வெதுவெதுப்பான கடலில் அது பெருங்குறையன்று. முகமூடி பழையதா புதியதா என்பதினும் நம் முகத்திற்கு இசைவதா என்பதே கேள்வி. வாரின்றி முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் ஒட்டிநிற்றல் வேண்டும். மிதவைச் சட்டையை ஊதி ஓரிரவு வைத்துக் காலையிற் பார்க்க. அதன் காற்றுப் பொத்தான் உப்பினால் ஒட்டிக்கொள்வதாயின் தள்ளிவிடுக. நீருக்குள் தானே ஊதி நம்மை மேலே எறிந்துவிடும்.

இதுகாறும் தனியொருவர் தம் உயிருக்கு வாங்குவதைப் பேசினோம். மாணவர் கழகத்திற்கெனில் என் கருத்து இன்னும் கடுமையாகும். பழைய மாணவருள் முழுகற்கலையில் ஈடுபட்டோர், தம் வீட்டு மூலையிற் கிடக்கும் கருவிகளைக் கல்லூரிக்கு வழங்க முன்வருதல் கூடும். அவர்தம் அன்பு மறுக்கற்பாலதன்று, கருவி மறுக்கற்பாலதாகலாம். தனக்கென வாங்குபவன் ஆராய்ந்து வாங்குவான். தானமாய் வந்ததை எவரும் ஆராய்வதில்லை. அது கைக்குக் கை மாறி, இறுதியில் எதனையும் கேட்க நாணும் முதலாண்டு மாணவன் வாயிற்போய்ச் சேரும். இரவல் வாங்கிய கோடரி யோர்தானில் வீழ்ந்தபோது அதனை மிதக்கச் செய்ய எலிசா தீர்க்கதரிசி அருகிருந்தார். நம் விலங்கியற் பிரிவில் அத்தகையார் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே, ரெகுலேட்டரையும் மிதவைச் சட்டையையும் ஈவோர், செப்பனிடுங் கூலியையும் உடன் ஈவாராக. அஃது இயலாதெனின் கருவியைத் தாமே விற்று, அப்பணத்தை ஏழை மாணவர் இருவரின் பயிற்சிக் கட்டணத்திற்கு அனுப்புவாராக. துடுப்புகளை மட்டும் இன்றே அனுப்பலாம்.