மொய் வைப்பதா எம்.எல்.ஏ. வேலை?

தேர்தல் நெருங்கினால் எங்கள் ஊர்ப் பூங்கா பெஞ்சில் ஒரே பேச்சுதான்: "நம்ம எம்.எல்.ஏ. என்ன செஞ்சார்?" ஒருவர் நிழற்குடை என்பார், ஒருவர் தெருவிளக்கு என்பார். பேத்தி கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்ததை இன்னொருவர் பெருமையாகச் சொல்வார்.

இவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விளக்கும் சாலையும் நகராட்சி பார்க்க வேண்டிய வேலை. சட்டமன்றத்துக்கு நாம் ஆள் அனுப்புவது சட்டம் செய்ய. தண்ணீருக்காகப் பக்கத்து மாநிலத்தோடு பேசும் அமைச்சர்களைக் கேள்வி கேட்க. இந்த இரண்டையும் நாம் கேட்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

நான் நகராட்சி சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மேஜையில் எப்போதும் கிடந்த புத்தகம் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம். ராஜாஜியின் அமைச்சரவையில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதாரத்தைக் கவனித்த காலத்தில் வந்தது. குடிதண்ணீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், திருவிழாக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. குடிக்கத் தகாத கிணற்றை மூடச் சொல்ல எங்களுக்குத் தைரியம் தந்தது அந்தச் சட்டம்தான். காலரா பயத்தோடு திருவிழாவுக்குப் போன நம் வயதுக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

2020-இல் கொரோனா வந்தபோது அரசு கையில் எடுத்ததும் இதே சட்டம்தான். முகக்கவசம் போடாதவருக்கு அபராதம் விதிக்க அதில்தான் திருத்தம் கொண்டுவந்தார்கள். 80 வருஷத்துக்கு முன் யாரோ நிதானமாக எழுதிய வரிகள், இன்று பிறக்கும் குழந்தைக்கும் காவல் நிற்கின்றன.

தண்ணீர்க் கதையும் அப்படித்தான். சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தர, மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டி.எம்.சி. என்று 1976-இல் ஒப்புக்கொண்டன. அப்போது இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது ஆந்திராவோடு ஒப்பந்தம். ஆவியாகும் 3 டி.எம்.சி. போக எல்லையில் 12 தர வேண்டும் என்று கணக்கு. பூண்டிக்குத் தண்ணீர் வந்தது 1996-இல், கலைஞர் ஆட்சியில். பேச்சைத் தொடங்கியவர் ஒருவர், கையெழுத்திட்டவர் வேறொருவர், மதகு திறந்ததைப் பார்த்தவர் மற்றொருவர். இதில் யார் போஸ்டர் ஒட்டிக்கொள்வது? அந்த 12 டி.எம்.சி. முழுதாக வருவது அபூர்வம் என்பதால், கேட்டுக்கொண்டே இருக்க ஆளும் வேண்டும்.

இன்று நடப்பது என்ன? அறிமுகமான ஓரிரு நாளிலேயே மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவது நாட்டின் பல சட்டமன்றங்களில் சாதாரணமாகிவிட்டது. கை தூக்குகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

"கட்சிக் கொறடா சொன்னபடிதானே ஓட்டுப் போட முடியும்? தனி உறுப்பினர் என்ன செய்வார்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டுப்பாடு ஓட்டுக்குத்தான். மசோதாவைப் படிக்க வேண்டாம் என்று எந்தக் கொறடாவும் சொல்வதில்லை. திருத்தம் கொடுக்கலாம். "இந்த வருஷம் எத்தனை டி.எம்.சி. வந்தது, குறைந்ததற்கு என்ன செய்தீர்கள்?" என்று கேள்வி நேரத்தில் கேட்கலாம். பதில் அவைக் குறிப்பில் ஏறிவிட்டால், பத்து வருஷம் கழித்தும் அதைக் காட்டி வாதாடலாம்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. மொய்யையும் நிழற்குடையையும் வைத்தே நாம் மார்க் போட்டால், அவர்கள் அந்தப் பாடத்தை மட்டும்தான் படிப்பார்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரை உட்காரவைத்து மோர் கொடுங்கள். பிறகு, "தம்பி, சட்டமன்றத்தில் கடைசியாக எந்த மசோதாவைப் படித்தீங்க? அதில் என்ன மாற்றச் சொன்னீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.