எந்தத் தெரு என்று கேட்காதீர்கள்

அன்புள்ள நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டப் பெற்றோருக்கு,

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் நாங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் எங்களோடு இருக்கிறார்கள். பல தெருக்காரர்கள், பல சாதிக்காரர்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று கூடிப் பேசி இதை எழுதுகிறோம்.

2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள். அவர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல்தான் அவர் பள்ளியில் புகார் சொல்லியிருந்தார். பிழைத்து எழுந்து, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அந்த மனவுறுதியை எல்லோரும் பாராட்டினோம். வெட்டிய பையன்களுக்கு அத்தனை வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று பேச மட்டும் நமக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் நிறக்கயிறும் மோதிரமும் நெற்றி அடையாளமும் பள்ளிக்குள் வேண்டாம் என்றது. சரியான பேச்சு. ஆனால் அந்தக் கயிறு பள்ளியில் கட்டியது இல்லை.

எங்களில் ஓர் ஆசிரியர் நேரில் பார்த்ததைச் சொல்கிறோம். ஆறாம் வகுப்பில் இரண்டு பையன்கள், ஒரே பெஞ்சு, இருவருக்கும் ஒரே தண்ணீர் பாட்டில். ஒருவனுக்கு முட்டையின் மஞ்சள் கரு பிடிக்காது. மதியச் சாப்பாட்டில் அதை எடுத்து அடுத்தவன் தட்டில் வைத்துவிடுவான். ஊரில் கோயில் கொடை வந்தது. மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்தவன் கையில் இரண்டு நிறத்தில் கயிறு. அன்றைக்கு மஞ்சள் கரு அவன் தட்டின் ஓரத்திலேயே கிடந்தது.

“ஏல, ரெண்டு பேருக்கும் சண்டையா?” என்று கேட்டிருக்கிறார்.

“இல்ல சார். அவன்கூட சேராதன்னு அப்பா சொன்னாங்க.”

மற்றவன் ஏன் என்று கேட்கவே இல்லை. குனிந்தபடி சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டான். பதினொரு வயதுப் பிள்ளைக்குக் காரணம் முன்பே தெரிந்திருந்தது. அதைச் சொல்லும்போது அந்த ஆசிரியருக்கு இன்றைக்கும் குரல் கம்முகிறது.

பள்ளிகள் சும்மா இருக்கவில்லை. ‘மகிழ் முற்றம்’ என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைக் குழுக்கள் வந்திருக்கின்றன. பிள்ளைகள் கலந்து விளையாடுகிறார்கள். மணி அடித்ததும் அவர்கள் வருவது நம் வீட்டுக்குத்தானே. புதிதாகக் கிடைத்த கூட்டாளியின் பெயரைப் பிள்ளை ஆசையாகச் சொல்லும்போது, “அவன் எந்தத் தெரு?” என்று கேட்கிறோம். கேட்பவருக்கு அது சாதாரணக் கேள்வி. பிள்ளையோ கேட்ட குரலையும் நம் முகத்தையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறது. யாரோடு சேரலாம், யார் அழுதால் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பதை அது கற்றுக்கொள்வது அங்கேதான். அடுத்தவன் வலி தன் வலியாகத் தெரிவது பிள்ளைகளுக்கு இயல்பாகவே இருக்கிறது. நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். இன்றைக்கு யாரோடு சாப்பிட்டாய், வகுப்பில் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தார்களா என்று கேளுங்கள். கூட்டாளியை வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்லி, உங்கள் பிள்ளை குடிக்கும் டம்ளரிலேயே தண்ணீர் கொடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் தனியே ஒரு வேண்டுகோள்: பள்ளிப் பிள்ளைகளுக்குக் கயிறு கட்டுவதில்லை என்று கொடைக் கூட்டத்திலேயே முடிவெடுங்கள். எந்தப் பிள்ளையாவது துன்புறுத்தப்படுவது தெரிந்தால், அது யார் பிள்ளையாக இருந்தாலும், உதவி எண்களான 1098க்கோ 14417க்கோ பேசுங்கள்.

பள்ளி திறக்கும் அன்று உங்கள் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புங்கள். நாங்களும் அப்படியே அனுப்புகிறோம்.