எதற்கெடுத்தாலும் போர்மட்

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை எந்தக் கொம்பியூட்டர் கடையிலும் போய், "பழைய மெஷின், ஓன் ஆக சரியான நேரம் எடுக்குது" என்று சொல்லிப் பாருங்கள். மூடியைக் கழற்றும் முன்பே பதில் வந்துவிடும்: "போர்மட் அடிச்சாச் சரியாகிரும் காக்கா." கடைத் தம்பியை மட்டும் குறை சொல்ல முடியாது. கொண்டுவருகிறவரே அதைத்தான் கேட்கிறார். வீடு, பாடசாலை, பள்ளிவாசல் காரியாலயம், நெசவுக் கணக்கு எழுதும் வீடு என்று எங்கும் ஊறிப்போன நம்பிக்கை இது. இது பிழையான நம்பிக்கை. நம்மவர்களுக்கு இதனால் உண்டாகும் நட்டம் சின்னதல்ல.

"போர்மட் அடிச்ச பிறகு பறக்குதே" என்பார்கள். பறக்கும்தான், சில நாளைக்கு. மெஷின் திறக்கும்போது கூடவே எழும்புகிற புரோகிராம்கள் எல்லாம் அழிந்துபோயிருக்கும். டிஸ்க்கும் காலியாக இருக்கும். பிறகு பிரிண்டருக்கு ஒன்று, அழைப்புக்கு ஒன்று, இரண்டு அன்டிவைரஸ், மூன்று பிரவுசர் என்று பழையபடி ஏற்றுவோம். அடுத்த நோன்புக்குள் அதே மெஷின் அதே கடைக்கு வரும். போதாக்குறைக்கு, கிராக் செய்த விண்டோஸைப் போட்டால் இல்லாத வைரஸும் வந்து சேரும்.

நோய் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. பழைய டெஸ்க்டொப்பில் இருப்பது நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும் ஹார்ட் டிஸ்க். அதன் வாசிப்புத் தலை ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர 10 மில்லி செக்கனுக்கு மேல் எடுக்கும். ஒரு செக்கனில் ஏறத்தாழ நூறு இடங்களைத்தான் தொடலாம். விண்டோஸ் எழும்பும்போதோ டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை வாசிக்கிறது. தட்டில் பழுதான இடங்கள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். டிஸ்க் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்க்கும். திரையில் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். விரைவு போர்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பது போன்ற வேலை. தட்டில் விழுந்த பழுதை அது தொடுவதே இல்லை. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் புதிதாக விண்டோஸை எழுதுவது அதன் முடிவைத்தான் விரைவாக்கும்.

நட்டத்துக்கு வருகிறேன். "டி டிரைவ்ல இருக்கிறது ஒண்டும் போகாது" என்று கடையில் உறுதி சொல்வார்கள். நம்மில் யார் டி டிரைவில் வைக்கிறோம்? டெஸ்க்டொப்பிலும் டொக்கியுமென்ட்ஸிலும் வைக்கிறோம். இரண்டும் சாதாரணமாக இருப்பது சி டிரைவில். ஒரு பள்ளிவாசல் காரியாலயத்து மெஷினைப் பார்க்கப் போயிருந்தேன். சந்தாப் பதிவும் ஜனாஸாப் பதிவும் டெஸ்க்டொப்பில் ஒரு ஃபோல்டரில் இருந்தவையாம், போர்மட்டோடு போய்விட்டன. டி டிரைவில் தப்பிய கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தன. பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதங்கள் அவை. போர்மட்டில் எழுத்துரு போய்விட்டதென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஃபைல் பழுதாப் போச்சு" என்று அவற்றையும் அழிக்க ஆயத்தமாக இருந்தார்கள். பாமினியைத் திரும்ப ஏற்றியதும் அத்தனையும் தமிழில் வந்தன. அழிந்த சந்தாப் பதிவு வரவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறியபோது இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கல்யாணப் போட்டோ என்று கையில் ஒன்றும் மிஞ்சாமல் நின்ற குடும்பங்கள் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் எத்தனை! அப்படிப்பட்ட ஊர்களில், இருக்கிற பதிவையும் போட்டோவையும் நம் கையாலேயே அழிப்பதை "சேர்விஸ்" என்று எப்படிச் சொல்கிறோம்? எனக்கு இது பொறுக்கவில்லை.

முதலில் செய்யவேண்டியது, நேரம் எங்கே போகிறது என்று பார்ப்பது. போனில் ஸ்டொப்வொட்ச் போதும். பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் தொடங்கும் வரை ஒரு கட்டம். அங்கே தாமதம் என்றால் விண்டோஸுக்கு அதில் பங்கே இல்லை. போர்மட்டால் எதுவும் மாறாது. பின்னால் செருகிவிட்டு மறந்த பென் டிரைவ் காரணமாக இருக்கலாம், பயோஸில் நெட்வேர்க் வழியாகத் திறக்கும் வசதி முன்னுக்கு நிற்கலாம். தினமும் திகதி பின்னுக்குப் போய், எஃப்1 அழுத்தச் சொல்லிக் கேட்டால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பற்றரி செத்துவிட்டது. அதன் விலை ஒரு சோற்றுப் பார்சலுக்குக்கூட வராது. திகதி பிழைத்தால் இணையத்தளங்களும் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். அதையும் வைரஸ் என்று போர்மட் அடித்தவர்கள் உண்டு.

விண்டோஸ் தொடங்கியபின், டெஸ்க்டொப் வரும் வரை இழுபட்டால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் குறிப்பை வாசித்துக் காட்டும். மஞ்சளோ சிவப்போ வந்தால் அன்றைக்கே பிரதி எடுக்கவேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்த காலத்தில், யூபிஎஸ் இல்லாமல் பட்டென்று அணைந்து அணைந்து அடிபட்ட டிஸ்க்குகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

டெஸ்க்டொப் வந்தும் மவுஸ் அசைய மறுத்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறவுங்கள். ஸ்டார்ட்டப் பக்கத்தில் தேவையற்றதை நிறுத்த ஐந்து நிமிடம் போதும். டிஸ்க் நிரல் நூறு வீதத்தில் நின்றுகொண்டு, வேகம் மட்டும் செக்கனுக்கு ஒன்றிரண்டு மெகாபைட் என்றால், குற்றவாளி டிஸ்க்தான். காற்றாடியில் படியும் கடற்கரைத் தூசியையும் மறக்க வேண்டாம். சூடேறினால் புரொசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

டிஸ்க்தான் காரணம் என்றால் எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். பத்துப் பதினைந்து வருடத்து மதர்போர்டிலும் அதே சாட்டா வயரில் அது வேலை செய்யும். சுற்றும் தட்டு இல்லாததால் நூறு இடம் தொட்ட நேரத்தில் பத்தாயிரக்கணக்கில் தொடும். டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய 2022க்குப் பிறகு புது மெஷின் வாங்குவது எத்தனை வீடுகளுக்கு முடியும்? உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பழைய மெஷினே போதும். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது என்பது உண்மை. அதற்கும், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் இலவசமாகக் கிடைக்கிறது.

கடைக்காரர்களின் கஷ்டமும் தெரியும். அரை மணித்தியாலம் இருந்து நோயைக் கண்டுபிடித்து, "பற்றரி மட்டும்தான்" என்று சொன்னால், அதற்குக் காசு கேட்க வாய் வராது. கேட்டாலும் நாம் கொடுப்பதில்லை. போர்மட்டுக்கு மட்டும் மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். பார்த்துச் சொல்வதற்கும் கூலி கொடுப்போம். பதிலுக்கு அவர்களிடம் இரண்டைக் கேட்போம்: டிஸ்க்கின் நிலையை உரிமையாளருக்குத் திரையில் காட்டாமல் போர்மட் அடிக்கக் கூடாது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸைப் போட்டால், பழைய டிஸ்க்கை அழிக்காமல் அவர் கையிலேயே கொடுக்கவேண்டும்.